ஒரு கலனுக்கு எத்தனை மைல்?

மோட்டார்க் கார் வைத்திருப்போர் இருவர் ஓரிடத்திற் கூடினால், சேமநலம் விசாரித்து முடிந்தவுடன் எழும் கேள்வி ஒன்றுண்டு. "உங்கள் கார் லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது?" முந்திய தலைமுறையினர் இதனையே "கலனுக்கு எத்தனை மைல்?" என்று கேட்டனர். அலகு மாறிற்று, கேள்வி மாறவில்லை. விடை சொல்பவரும் பெரும்பாலும் தயங்குவதில்லை. பன்னிரண்டு என்பார் ஒருவர். பதினைந்து என்பார் மற்றவர். அந்த எண்ணை எவ்வாறு கண்டீர்கள் என்று மேலும் கேட்டாற்றான் தடுமாற்றம் தோன்றும். என்றோ ஒரு நாள், நீண்ட பயணமொன்றில், வீதியும் காற்றும் துணைநின்ற வேளையிற் கிடைத்த எண்ணே அந்தக் காரின் ஆயுள் முழுவதும் அதன் பெருமையாக நிலைத்துவிடுகிறது.

இந்த எண் வீண்பெருமைக்கு மட்டும் உரியதன்று. கடன்பட்டுக் கார் வாங்கும் குடும்பம் மாதச் செலவை இதனை நம்பியே வகுக்கிறது. எண்ணெயை முற்றாகப் பிறநாட்டிலிருந்து தருவிக்கும் நாடு தன் அந்நியச் செலாவணிக் கணக்கை இதன்மேல் வைக்கிறது. 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கையில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டபோது, அந்த அளவைக் கொண்டு பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் எத்தனை முறை போய்வரலாம் என்று கணக்குப் பாராத கார்க்காரர் அரியர். விற்றவர் சொன்ன எண்ணுக்கும் தாங்கி காட்டிய எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது அப்பொழுது பலருக்குத் தெளிவாயிற்று.

ஓடிய தூரத்தை எரிந்த எண்ணெயால் வகுக்க வேண்டும், அவ்வளவே. நாலாம் வகுப்பு மாணவன் பலகையிற் செய்து காட்டிவிடுவான். ஆயினும் இந்தச் சிறு வகுத்தற் கணக்குக்கு நம்பத்தகுந்த விடை காண்பதற்காக, எஞ்சினியர்களும் அரசாங்கங்களும் எட்டு, ஒன்பது தசாப்தங்களாக உழைத்து வந்திருக்கின்றனர். அந்த வரலாறு சுவையுடையது.

முதலிற் கலன் என்பதே ஒன்றன்று. பிரித்தானியர் 1824ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 10 இறாத்தல் நீர் கொள்ளும் அளவே கலன் என்று வரையறுத்தனர். ஐக்கிய அமெரிக்காவோ அதற்கு முற்பட்ட திராட்சைமதுக் கலனையே கைவிடாது வைத்துக்கொண்டது. அது 231 கன அங்குலம். முன்னது 4.546 லீற்றர், பின்னது 3.785 லீற்றர். ஆகவே இலண்டனில் 30 மைல் ஓடும் கார், யாதொரு பழுதுமின்றியே, நியூயோர்க்கில் 25 மைல் ஓடுவதாகக் கணிக்கப்படும். அமெரிக்க விளம்பரத்தையும் ஆங்கில விளம்பரத்தையும் அருகருகே வைத்துப் படித்து, ஆங்கிலக் கார்களே சிக்கனமானவை என்று முடிவுகட்டிய வாசகர் எத்தனை பேரோ!

அடுத்தது தாங்கி. சாதாரண சாரதி கையாளும் முறை யாவரும் அறிந்ததே. தாங்கியை விளிம்புவரை நிரப்பித் தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்வார். ஓடியபின் மறுபடியும் நிரப்புவார். இரண்டாம் முறை உட்சென்ற லீற்றர்களே எரிந்த எண்ணெய். முறையிற் குறையில்லை. குறை விளிம்பில் இருக்கிறது. கார் சற்றே சரிந்து நின்றாலும், தாங்கிக்குள் காற்று அடைபட்டாலும், குழாய் சிறிது முந்தியோ பிந்தியோ நின்றுவிட்டாலும், ஒரு லீற்றர் கூடவோ குறையவோ செய்யும். 30 லீற்றரில் ஒரு லீற்றர் பிசகினால் விடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேற் பிழை. பெற்றோலும் வெப்பத்தால் விரிவது. 10 பாகை செல்சியசு வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு. தூரமானியோ தூரத்தை அளப்பதேயில்லை. அது சில்லு சுற்றிய தடவைகளை எண்ணித் தூரமென்று சொல்கிறது. ரயர் தேய்ந்து சில்லு சிறுத்தால், அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றவேண்டி வரும். புதிய ரயருக்கும் நன்கு தேய்ந்த ரயருக்கும் இடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வித்தியாசம் இதனால் மட்டும் உண்டாகலாம். கார் கிழமாகக் கிழமாக ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் கூறிக்கொள்கிறது என்க.

இவற்றுக்கெல்லாம் எளிய பரிகாரம் பொறுமையே. ஒருமுறை நிரப்பியதைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல், பத்து முறை நிரப்பி, மொத்தத் தூரத்தை மொத்த லீற்றரால் வகுத்தால், விளிம்பின் பிழை 300 லீற்றரில் ஒரு லீற்றராகக் கரைந்துபோகும். பத்துத் தனி விடைகளைக் கூட்டிப் பத்தால் வகுப்பது பிழை. குறைந்த எண்ணெயில் ஓடிய நற்பயணமும் மிகுந்த எண்ணெய் குடித்த பொல்லாப் பயணமும் அங்கே ஒரே நிறை பெற்றுவிடும். ஆனால் இம்முறையால் அறியப்படுவது ஒரு காரின், ஒரு சாரதியின், ஒரு வீதியின் கதை மாத்திரமே. இரண்டு கார்களில் எது சிக்கனமானது என்று நடுவுநிலையோடு சொல்வதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழியை முதலிற் பெருவிழாவாக நடத்தியவர்கள் எண்ணெய் விற்பவர்களே. 1936ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் கில்மோர் எண்ணெய்க் கம்பனி, லொஸ் ஏஞ்சலிசிலிருந்து யொசமிற்றிப் பள்ளத்தாக்குவரை ஓர் எரிபொருட் சிக்கன ஓட்டத்தை நடத்திற்று. யுத்தகாலத்தில் நின்றுபோன இந்த ஓட்டம் 1950இல் மீண்டும் தொடங்கியபோது மொபில் என்னும் பெயரைத் தாங்கியது. பின்னர் அது கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை நோக்கிச் செல்லும் நெடும்பயணமாக வளர்ந்தது. வேகத்துக்கன்றிச் சிக்கனத்துக்காகப் போட்டியிட்ட இந்தக் கார்களைக் காண வீதியோரங்களில் மக்கள் கூடினர். வென்ற கம்பனி மறுநாளே பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரஞ் செய்தது.

ஊன்றிக் கவனிக்கத்தக்கது அந்த ஓட்டத்தின் காவலே. நடுவர்கள் கார்களைத் தாமே விற்பனை நிலையங்களிலிருந்து தேர்ந்து பெற்றனர். கம்பனி தனியே சீர்செய்த காரை அனுப்ப இடமில்லை. எஞ்சின் மூடி முத்திரையிடப்பட்டது. காரின் சொந்தத் தாங்கி துண்டிக்கப்பட்டு, அளவு திட்டமாகத் தெரிந்த வேறொரு தாங்கி பின்பெட்டியில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு காரிலும் சாரதிக்கருகே ஒரு கண்காணிப்பாளர் அமர்ந்திருந்தார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் உலாவுவதை ஒத்த ஏற்பாடு. யாரும் களவு செய்வார் என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. செய்ய முடியாதவாறு வழி அடைக்கப்பட்டது.

அப்படியிருந்தும் அந்த எண் சாமானியருக்குப் பயன்பட்டதா? ஆண்டு முழுவதும் பழகிய கைதேர்ந்த சாரதிகள், முட்டையின்மேல் மிதிப்பவரைப் போல எண்ணெய் மிதியை மிதித்து, தடைக்கருவியை இயன்றவரை தொடாமல் ஓட்டிப் பெற்ற எண் அது. தொடக்க ஆண்டுகளில் மொத்தப் பரிசுக்குரிய காரைத் தெரிந்த முறை அதனினும் விநோதம். மைல்களைக் காரின் நிறையாற் பெருக்கி, ஒரு கலனுக்கு எத்தனை தொன்-மைல் என்று பார்த்தார்கள். பாரச் சரக்கு வண்டிக்கு அது பொருத்தமான அளவு. இருவர் ஏறிச் செல்லும் காருக்கு இரும்பின் நிறையையும் புண்ணியமாகச் சேர்த்தால், பெரிய கார் பரிசு பெறுவதில் வியப்பென்ன? 1968ஆம் ஆண்டு ஏப்பிரலில், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதைத் தொடர்ந்து எழுந்த கலகங்களின் நடுவே, அவ்வாண்டின் ஓட்டம் இடைவழியில் இந்தியானபொலிசில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அது நடைபெறவில்லை.

இதன் மறுகோடியில் நின்றது வேறொரு போட்டி. 1939இல் இலினோய் மாநிலத்து வூட் றிவர் என்னுமிடத்திலிருந்த ஷெல் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள் தமக்குள் பந்தயங்கட்டி, யார் கார் கலனுக்கு அதிகம் ஓடும் என்று பார்த்தார்கள். வென்ற எண் 49.73 மைல். பந்தயம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1973இல், உருமாற்றப்பட்ட பழைய ஒப்பெல் கார் ஒன்று 376.59 மைல் ஓடிற்று. ஆனால் அந்தக் காரில் ஏறி யாரும் சந்தைக்குப் போகமுடியாது. சிறிது வேகம் பிடித்து, எஞ்சினை நிறுத்தி, தானே உருளவிட்டு, நிற்கப்போகும் தறுவாயில் மீண்டும் எஞ்சினை இயக்குவது போன்ற உபாயங்களாற் பிறந்த எண் அது. அளவு மிக நுட்பமானது. தசமதானம் இரண்டு வரை சரியானது. வாங்குபவருக்கோ ஒன்றும் சொல்லாதது. நுட்பம் வேறு, உண்மை வேறு என்பதை இதனினும் நன்றாகக் காட்டும் உதாரணம் கிடைப்பதரிது.

வீதியிலிருந்து ஆய்வுகூடத்துக்கு இந்த அளவீடு குடிபெயர்ந்தது எதிர்பாராத ஒரு காரணத்தினால். லொஸ் ஏஞ்சலிசு நகரை மூடிய புகைமண்டலம் கண்ணை எரித்தது, மூச்சை அடைத்தது. மோட்டார்க் கார்களின் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்தே அதனை உண்டாக்குகின்றன என்று, ஒல்லாந்திற் பிறந்து கலிபோர்ணியாவிற் பணியாற்றிய இரசாயனப் பேராசிரியர் ஆரி ஹாகன்ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டுமெனின் முதலிற் புகையை அளக்கவேண்டும். அளப்பதற்கு எல்லாக் கார்களும் ஒரே விதமாக ஓடவேண்டும். ஆகவே லொஸ் ஏஞ்சலிசின் வீதிகளில் மக்கள் வேலைக்குச் செல்லும் பாங்கு பதிவுசெய்யப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓட்ட ஒழுங்கு வகுக்கப்பட்டது. 1,369 விநாடி, ஏறத்தாழ 7.5 மைல், சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், உச்ச வேகம் 56.7 மைல். 1970இல் நிறுவப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவர்நிலையம் இதனையே தன் சோதனையின் அடிப்படையாகக் கொண்டது.

இந்தச் சோதனையிற் கார் ஓரங்குலமும் நகர்வதில்லை. முதல்நாள் இரவு முழுவதும் குறித்த வெப்பநிலையில் ஓய்ந்திருந்த கார், மறுநாள் உருளைகளின்மேல் ஏற்றிக் கட்டப்படும். சில்லுகள் சுற்றும், உருளைகளும் உடன்சுற்றும். வீதியிற் காற்றும் நிலமும் கொடுக்கும் எதிர்ப்பை உருளைகள் கொடுக்கும். முன்னாலுள்ள திரையில் வேகத்தின் கோடு நெளிந்து செல்ல, சாரதி அக்கோட்டை விட்டு விலகாமல் மிதியை அழுத்தியும் தளர்த்தியும் செல்வார். எங்கும் போகாத அந்தப் பயணம், எவர் எங்கே செய்தாலும், ஒரே பயணமாயிருக்கும்.

எரிந்த எண்ணெயை அளந்த விதம் அதனினும் அழகியது. ஏழரை மைல் ஓட ஏறத்தாழ ஒரு லீற்றர் போதும். அந்தச் சிறு அளவைத் தாங்கியில் அளக்கப் புகுந்தால் முன்சொன்ன பிழைகள் யாவும் திரண்டு வரும். புகையை அளப்பதற்கென்றே வந்த ஆய்வாளர் கையில் அப்புகை பைகளில் நிரம்பியிருந்தது. அதிலுள்ள காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன் ஆகியவற்றிலுள்ள காபன் முழுவதும் வந்தது எண்ணெயிலிருந்தே. எரியும்போது அணு அழிவதில்லை. ஆதலின் புகையிலுள்ள காபனைக் கூட்டினால் எரிந்த எண்ணெய் எவ்வளவு என்பது பின்னோக்கி விளங்கிவிடும். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோகிராம் நிறையுள்ளது. எரிந்தபின் அது வெளிவிடும் காபனீரொட்சைட்டோ ஏறத்தாழ 2.3 கிலோகிராம். காற்றிலுள்ள ஒட்சிசன் உடன்சேர்வதே இந்தப் பெருக்கத்துக்குக் காரணம். உண்டவன் எவ்வளவு உண்டான் என்பதை அவன் விட்ட மூச்சைக் கொண்டே கணித்த இந்த முறை, தாங்கியைத் தொடாமலே தாங்கியின் கணக்கைச் சொல்லிற்று.

புகைக்காகப் பிறந்த சோதனை எண்ணெய்க்காக உழைக்கும் காலம் விரைவில் வந்தது. 1973 ஒக்ரோபரில் அராபிய நாடுகள் எண்ணெயைத் தடுத்தன. விலை மும்மடங்கு, நான்மடங்கு என உயர்ந்தது. 1975 திசெம்பரில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டம், ஒவ்வொரு கம்பனியும் விற்கும் கார்களின் சராசரி 1978இற் கலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும் இருக்கவேண்டும் என்று விதித்தது. புதிய காரின் கண்ணாடியில் அதன் எண் ஒட்டப்படவேண்டும் என்றும் ஆணையிட்டது. நகர ஓட்டத்தோடு நெடுஞ்சாலை ஓட்டமும் சோதிக்கப்பட்டது. நாடெங்கும் வேக எல்லை மணிக்கு 55 மைலாக இருந்த காலமாதலின், அந்த ஓட்டத்தின் உச்ச வேகம் 60 மைலைத் தாண்டவில்லை. அக்காலத்து உருளைகளிற் சில்லு வழுக்கக்கூடுமாதலின், திடீரெனப் பாய்ந்து வேகமெடுப்பதும் விலக்கப்பட்டிருந்தது. குளிரூட்டியும் இயக்கப்படவில்லை. அமெரிக்கச் சாரதிகளுட் சாதுவான ஒருவர், இதமானதொரு நாளில் ஓட்டுவதைப் போன்றது அச்சோதனை.

மக்கள் சாதுக்களாக இருக்கவில்லை. சீட்டிலுள்ள எண் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் குவிந்தன. "உங்கள் மைல் வேறுபடலாம்" என்னும் எச்சரிக்கை வாசகம் கார் விளம்பரங்களில் இடம்பெற்று, காலப்போக்கில் ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. முகவர்நிலையம் ஆராய்ந்து பார்த்து, 1985ஆம் ஆண்டின் கார்களிலிருந்து, சோதனையிற் கிடைத்த நகர எண்ணில் நூற்றுக்குப் பத்தும் நெடுஞ்சாலை எண்ணில் நூற்றுக்கு இருபத்திரண்டும் வெட்டியே சீட்டில் இடுவதென்று தீர்மானித்தது. மாணவன் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, புள்ளியை மட்டும் குறைத்துப் போட்டதை ஒத்தது இச்செயல். அளவுகோலைத் திருத்துவதினும் விடையைத் திருத்துவது மலிவு என்பதனாற்போலும்!

இந்த நோயின் முழு உருவத்தையும் ஒரே காரிற் காணலாம். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் இரண்டாந் தலைமுறைக் காருக்கு யப்பானில் வழங்கிய எண் லீற்றருக்கு 35.5 கிலோமீற்றர். அந்நாட்டில் 1991 முதல் நடைமுறையிலிருந்த சோதனை, ஏற்கெனவே சூடேற்றிய எஞ்சினோடு, உச்சமாக மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில், பதினொரு நிமிடத்தில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் ஓடி முடிவது. கடலைக் கடந்து அமெரிக்கா சென்ற அக்கார் அங்குக் கலனுக்கு 55 மைல், அதாவது லீற்றருக்கு 23.4 கிலோமீற்றர் என்ற எண்ணைப் பெற்றது. 2008இற் சோதனை முறை மாறியபின், அதே காருக்கு அதே முகவர்நிலையம் மறுபடி கணித்துக் கொடுத்தது 46 மைல், லீற்றருக்கு 19.6 கிலோமீற்றர். ஆணி ஒன்றேனும் மாற்றப்படவில்லை. ஆயினும் 35இலிருந்து 20க்குக் கார் இறங்கிவிட்டது. யப்பானிற் பாவித்த கார்களைப் பெருமளவு தருவித்த இலங்கைக்கு இது பிறர் கதையன்று. யப்பானியச் சீட்டிலுள்ள எண்ணைக் காட்டி விற்பவரும், அதனை நம்பி வாங்குபவரும், கொழும்பின் காலை நெரிசலில் அந்த எண்ணைத் தேடியவரும் ஒருவருக்கொருவர் பொய்யுரைத்தவராகார். பாதிக்குச் சற்று மேலே கிடைத்தபோது, கார் பழுதென்று திருத்துநர்களிடம் கொண்டுபோனவர்களின் செலவே வீண்.

2008இன் மாற்றத்தால் அமெரிக்கச் சோதனையில் மூன்று புதிய ஓட்டங்கள் சேர்ந்தன. ஒன்றில் வேகம் 80 மைலைத் தொட்டது; பாய்ந்து வேகமெடுப்பதும் அதில் இடம்பெற்றது. ஒன்றில் 95 பாகை பரனைற்று வெயிலிற் குளிரூட்டி இயங்கிற்று. மற்றையதிற் கார் 20 பாகைக் குளிரில் விறைத்து நின்று புறப்பட்டது. சீட்டின் எண் வீதிக்கு அண்மித்தது. ஆனாற் கம்பனிகள் சட்டத்துக்குக் காட்டவேண்டிய சராசரிக் கணக்கு 1975ஆம் ஆண்டின் பழைய முறைப்படியே தொடர்ந்தது. சட்டத்தில் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. ஒரே காருக்கு வாங்குபவருக்கென ஓர் எண், அரசாங்கத்துக்கென அதனினும் பெரிய வேறோர் எண். குடும்பத்துக்கொரு வரவுப் புத்தகமும் வரிக்கந்தோருக்கு வேறொன்றும் வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்ன பெயரால் அழைக்கிறோம்?

2013ஆம் ஆண்டின் கார்களிலிருந்து அச்சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கலன் என்பதும் சிறிய எழுத்தில் இடம்பெற்றது. இது சிறிதாகத் தோன்றினும் பெரிய திருத்தம். கலனுக்கு 10 மைல் ஓடும் காரை விட்டு 20 மைல் ஓடும் காரை வாங்கினால், 100 மைலில் 5 கலன் மீதம். 25 மைல் ஓடுவதை விட்டு 50 மைல் ஓடுவதை வாங்கினால் மீதம் 2 கலனே. பின்னதிற்றான் பெரிய இலாபம் என்று கண்ணுக்குத் தோன்றும். இந்த மயக்கத்தை 2008இல் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் பரிசோதித்துக் காட்டினர். ஐரோப்பியர் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றே சொல்லிப் பழகியவர்கள். இவ்வொன்றில் அவர்கள் புத்திசாலிகள்.

இனி, உருளைக்கு ஒரு கார் வீதியிற் சந்திக்கும் எதிர்ப்பை யார் சொல்லிக்கொடுப்பது? அதற்கும் ஒரு சோதனை உண்டு. நேரான, மட்டமான பாதையிற் காரை வேகமாகச் செலுத்தி, எஞ்சினின் பிடியை விடுவித்து, தானே ஓய விடுவார்கள். வேகம் எத்தனை விநாடியில் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து காற்றும் ரயரும் இழுக்கும் இழுப்பு தெரியவரும். அந்த எண்ணே உருளைக்கு ஊட்டப்படுகிறது. இந்தச் சோதனையைச் செய்வது கார்க் கம்பனியே; அரசாங்கம் பெரும்பாலும் அதனை ஏற்றுக்கொள்ளும். ஏழு பூட்டுப் பூட்டிய வீட்டின் பின்கதவு இதுதான்.

2012 நவம்பரில் ஹயுண்டாய், கியா கம்பனிகள் தம் கார்களின் எண்கள் மிகையானவை என்று ஒப்புக்கொண்டன. காற்றுப் பின்னிருந்து தள்ளிய வேளைகளிலும் வெப்பநிலை வாய்ப்பாயிருந்த வேளைகளிலும் கிடைத்த முடிவுகளை வைத்துக்கொண்டு, பல ஓட்டங்களின் சராசரியை எடுக்காமல் நல்லனவற்றைப் பொறுக்கியதாக அமெரிக்க அதிகாரிகள் பின்னர் விளக்கினர். எவரும் எண்ணைக் கற்பனையாக எழுதவில்லை. கிடைத்தவற்றுள் இனியவற்றை மட்டும் வைத்துக்கொண்டனர். நீண்ட பயணமொன்றிற் கிடைத்த எண்ணை ஆயுள் முழுவதும் சொல்லித்திரியும் கார்க்காரருக்கும் இவர்களுக்கும் குணத்தில் வேறுபாடில்லை, அளவிற்றான் வேறுபாடு. கார் வாங்கியோருக்கு, அவரவர் ஓடிய தூரத்துக்கேற்ப மேலதிக எண்ணெய்ச் செலவும் அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்தும் கொடுக்க அக்கம்பனிகள் உடன்பட்டன. 2014இல் விதிக்கப்பட்ட தண்டம் 10 கோடி டொலர்.

2016 ஏப்பிரலில் யப்பானின் மிட்சுபிஷி கம்பனி ஒப்புக்கொண்டது இதனினும் பாரதூரமானது. 6,25,000 சிறு கார்களின் ரயர் எதிர்ப்பு எண்கள் வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்பட்டிருந்தன. சட்டம் விதித்த ஓயவிடும் முறையை அக்கம்பனி 1991 முதலே சரிவரப் பின்பற்றவில்லை. அக்கார்களுட் பெரும்பாலானவை நிசான் கம்பனிக்காகச் செய்யப்பட்டவை. குட்டு வெளிப்பட்டதும் அங்கிருந்தே. அடுத்த தலைமுறைக் காரைத் தானே வடிவமைக்க முனைந்த நிசான், எண்கள் பொருந்தாமையைக் கண்டு கேள்வி எழுப்பிற்று. அரசாங்கத்தின் பரீட்சகர் பிடிக்காததைப் பக்கத்து மேசைக்காரர் பிடித்தார்.

ஐரோப்பாவின் நிலையும் மெச்சத்தக்கதாயிருக்கவில்லை. அங்கு வழங்கிய சோதனையில் நகரப் பகுதி 1970 அளவில் வகுக்கப்பட்டது. கோடு நெளியாமல் அளவுகோலால் இழுத்தாற்போலிருக்கும். மின்கலத்தை முற்றாக நிரப்பிவைத்தல், ரயரிற் காற்றை மிகுதியாக அடைத்தல், மேலதிகக் கருவிகளைக் கழற்றிய இலேசான காரையே அனுப்புதல் போன்ற சலுகைகள் ஒவ்வொன்றாகப் புகுந்தன. கம்பனிகளின் எண்ணுக்கும் வீதியின் எண்ணுக்கும் இடையிலிருந்த வேறுபாடு 2001இல் நூற்றுக்கு 9ஆக இருந்து, 2015இல் 42ஆக வளர்ந்தது என்று தூய போக்குவரத்துக்கான சர்வதேச சபை கணித்துச் சொல்லிற்று. அந்தக் கணிப்புக்கு ஆதாரமாக இருந்தவற்றுள் முக்கியமானவை ஜெர்மானியச் சாரதிகள் தாமே குறித்துவைத்த நிரப்புக் கணக்குகளும், நிறுவனங்களின் எண்ணெய்ப் பற்றுச்சீட்டுகளுமே. விளிம்புவரை நிரப்பி, குறித்து, வகுக்கும் பழைய முறைதான். ஒருவர் கணக்கிற் பிழையிருக்கலாம், இலட்சம் பேர் கணக்கைக் கூட்டியபோது பிழைகள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன, உண்மை எஞ்சிற்று.

அதன்பின்னரே பல நாடுகள் கூடி வகுத்த புதிய சோதனை 2017 செப்தெம்பரில் ஐரோப்பாவில் வந்தது. 1,800 விநாடி, 23 கிலோமீற்றருக்குச் சற்று மேல், உச்ச வேகம் 131 கிலோமீற்றர். யப்பானும் அதனைத் தழுவிக்கொண்டது. மிகுந்த வேகத்துக்குரிய கடைசிப் பகுதியை மட்டும் தன் வீதிகளுக்கு ஒவ்வாதென்று விட்டுவிட்டது. இந்தச் சோதனையும் தனித்து நம்பப்படவில்லை. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் புதிய கார்களிலே எரிந்த எண்ணெயையும் ஓடிய தூரத்தையும் ஆயுள் முழுவதும் எண்ணிவைக்கும் கருவி கட்டாயமாயிற்று. மொபில் ஓட்டத்திற் சாரதிக்கருகே அமர்ந்திருந்த கண்காணிப்பாளர், இம்முறை கருவியின் உருவில் ஒவ்வொரு காரிலும் ஏறி அமர்ந்துகொண்டார். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு அக்கருவிகள் சொன்னதை முதன்முறையாக வெளியிட்டது. பெற்றோல், டீசல் கார்கள் சோதனையிற் கண்டதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு மிகுதியாகக் குடித்திருந்தன. மின்னேற்றியும் எண்ணெயூற்றியும் ஓட்டத்தக்க இருமுறைக் கார்களோ மூன்றரை மடங்கு குடித்திருந்தன. அவற்றின் உரிமையாளர், சோதனை எதிர்பார்த்த அளவுக்கு, மின்னேற்றவேயில்லை.